தார்ப்பாய்க்கு அடியில் பதினேழு எஞ்சின்கள்

அநியாயம் நடந்தது இசக்கியம்மாளுக்கு. தன் கண்ணால் பார்த்ததை இருநூறு பேர் முன்னால் மேடையில் நின்று சொன்னாள். அவள் பார்க்கவே இல்லை, இட்டுக்கட்டிச் சொன்னாள் என்று ஆகிவிட்டது. ஆகிவிட்டதாம். பால் திரிந்துவிட்டது, மழை வந்துவிட்டது என்கிற மாதிரி. தானாக ஒன்றும் ஆகவில்லை, ஆக்கியவள் நான். பிரமிளா, எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு, விடுதியில் அவளுடைய அறைத்தோழி, பங்கு ஆய்வுப் போட்டியில் அவளுடைய ஜோடி, அவள் பார்த்த அந்த எஞ்சின் குடோனுக்கு அவளோடு கூடப் போன ஒரே ஆள். இப்போது துறைத்தலைவர் அறைக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மூடிய கதவுக்குப் பின்னால் அவளை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வெளியே வந்ததும் என்னைக் கூப்பிடுவார்கள். என்னிடம் கேட்க அவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான், நீ பார்த்தாயா இல்லையா. பார்த்தேன் என்றால் அவள் பிழைத்தாள். இல்லை என்றால் பொய்யான கள ஆய்வு என்று ஒரு செமஸ்டர் நீக்கம், ஜூனில் வந்து சேரச் சொல்லிச் சென்னைக் கம்பெனி கொடுத்திருக்கும் வேலையும் காலி. இது எனக்குத் தெரியும், பத்து நாளாகத் தெரியும், பல் தேய்க்கும்போது தெரியும், சாம்பார் ஊற்றிக்கொள்ளும்போது தெரியும். தெரிந்தும் பெஞ்சில் உட்கார்ந்து மனசுக்குள் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன், வாதி நான், பிரதிவாதி நான், நீதிபதி நாற்காலியிலும் நானே ஏறி உட்கார்ந்துகொண்டு அப்ஜெக்ஷன் ஓவர்ரூல்ட் என்கிறேன். வீட்டில் டிவி ஸ்டாண்டு முழுக்கப் பேச்சுப்போட்டிக் கோப்பைகள். அம்மா வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பாள். எந்தப் பக்கம் கொடுத்தாலும் பேசுவாள் என் மகள் என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள். எந்தப் பக்கம் கொடுத்தாலும். அதைப் பெருமை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழே ஜெனரேட்டர் ஓடுகிறது. இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் கிடையாது என்று நேற்றே பேப்பரில் போட்டிருந்தான். ஜன்னலுக்கு நேர் கீழே பச்சைப் பெட்டிக்குள் அது நின்று உறுமுகிறது, ஜன்னல் கண்ணாடி ஒன்று சட்டத்தில் இறுகாமல் விர்ரென்று கூடவே பாடுகிறது, பெஞ்சின் பலகை வழியாகத் தொடைக்கு வருகிறது, தொடையிலிருந்து பல்லுக்கு. எத்தனையோ நாள் இந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன், சத்தம் என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இசக்கிதான் காது கொடுத்தாள். முதல் வருஷம், விடுதி மொட்டை மாடி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். "கேக்கியாட்டி? இப்ப வெறும சுத்துது. இப்ப பாரு, இப்ப, ம், கனத்துட்டுல்லா? மெஸ்ல கிரைண்டர் போட்டுட்டாங்க. லோடு ஏறுனா குரல் கனக்கும்." நான் சிரித்தேன், நீ என்ன எஞ்சினுக்கு ஜோசியமா என்றேன். அவள் சிரிக்கவில்லை. "லோடு இல்லாம ரொம்ப நேரம் ஓட்டக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லுவாவ. உள்ளுக்குள்ள கரி பிடிச்சிரும். வேல கொடுத்தாத்தான் எஞ்சின் சுத்தமா இருக்கும்." அவளுடைய அப்பா சுடலைமுத்து. திருநெல்வேலி டவுனில் கல்யாண மண்டபங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஜெனரேட்டர் பழுது பார்க்கிறவர். அவளைச் சேர்த்துவிட வந்த அன்று விடுதி வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அப்படியே நின்றார். நாங்கள் எல்லாரும் மாடிப்படி எங்கே, ரூம் சாவி எங்கே என்று அலைந்துகொண்டிருந்தோம், அவர் மட்டும் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்னிடம், இருபத்தொரு வயசுப் பெண்ணிடம், எவ்வளவு மரியாதையாக, "தாயி, ஒங்க வார்டன் அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. இன்ஜெக்டர் ஒண்ணு சரியில்ல. ஒரு வாரம் தாங்கும்" என்றார். நான் சொல்லவில்லை, அதையெல்லாம் யார் போய்ச் சொல்லுவது. எட்டாம் நாள், முதல் வகுப்புத் தேர்வுக்கு முந்தின சாயந்திரம், கரண்ட் போன நேரத்தில் ஜெனரேட்டர் நின்றது, நாங்கள் மெழுகுவர்த்தியில் படித்தோம். அவருடைய காது பொய் சொல்லாது என்பதற்கு உலகத்தில் சாட்சி ஒன்று உண்டென்றால் அது நான். வேண்டாம், இந்தப் பக்கம் போகாதே. இந்தப் பக்கம் போனால் மேடை வரும். மேடை இன்னும் வேண்டாம்.

போட்டிக்கு எஞ்சின் கம்பெனியை எடுப்போம் என்றதும் நான்தான். அதையாவது நேராகச் சொல்லிக்கொள்ளலாம். மற்ற ஜோடிகள் எல்லாம் பேங்க், பெயிண்ட், பிஸ்கெட் என்று எடுத்தார்கள். அபயா எஞ்சின்ஸ் லிமிடெட்டை யாரும் தொடவில்லை, டீசல் எஞ்சின் செய்கிறவன், அறுபது வருஷக் கம்பெனி, அழுக்குத் தொழில், புகை, யாருக்கு வேண்டும் என்று. எனக்கு அதுதான் பிடித்தது, எல்லாரும் வேண்டாம் என்பதை வேண்டும் என்று வாதாடுவது. ஆண்டறிக்கைகள் ஐந்தைப் பிரிண்ட் போட்டு மஞ்சள் பேனாவால் கோடு போட்டேன். விற்பனை ஒரே வருஷத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்று ஏறியிருக்கிறது, லாப விகிதம் ஏறியிருக்கிறது, ஆலையில் சரக்குத் தேங்குவது பாதியாகக் குறைந்திருக்கிறது, கடன் இல்லை. ஆஸ்பத்திரி, டேட்டா சென்டர், அடுக்குமாடி, எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். அறிக்கையின் முதல் வரியை நானே எழுதினேன்: மின்வெட்டு நின்றாலும் ஜெனரேட்டர் விற்கும், ஏனென்றால் விற்பது மின்சாரம் அல்ல, பயத்துக்கு மருந்து. எழுதிவிட்டு நாலு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்தேன். இசக்கி கட்டிலில் சாய்ந்துகொண்டு, "வரி நல்லாருக்கு வக்கீலம்மா. ஆனா எஞ்சின் நல்லாருக்கான்னு பாக்க வேண்டாமா?" என்றாள். வக்கீலம்மா என்றுதான் கூப்பிடுவாள். ஆண்டறிக்கையின் கடைசியில், யாரும் புரட்டாத குறிப்புகளில், டீலர்களிடமிருந்து பணம் வந்து சேர முன்னே ஐம்பத்திரண்டு நாள் ஆனது இப்போது எண்பத்தொரு நாள் ஆகிறது என்று இருந்தது. அதை அவள்தான் விரல் வைத்துக் காட்டினாள். "ஏன்ட்டி, யாவாரம் இவ்ளோ ஜோரா நடந்தா, வாங்குனவன் ஏன் துட்டு கொடுக்க இழுக்கான்?" நான் அதற்கு ஒரு பதில் சொன்னேன். என்ன பதில் என்று இப்போது நினைவில்லை, ஆனால் அழகான பதில். முப்பத்துநாலாம் பக்கத்தில் பின்னிணைப்பாக அந்த எண்ணைப் போட்டேன், மறைக்கவில்லை, யாரும் மறைத்தேன் என்று சொல்ல முடியாது. முப்பத்துநாலாம் பக்கம். மறைக்காமல் மறைக்க எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. சொந்தத் திறமை.

அதனால்தான் குடோனுக்குப் போனோம். அவள் கேட்டாள், சரி வா என்று நானும் போனேன், ஏப்ரல் மாத வெயில், குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டைக்கு இரண்டு பஸ் மாறி. டீலர் கடையில் மேலாளர் வெள்ளை வேட்டிக்காரர், சண்முகவடிவேல் என்று மேசையில் பலகை. "வாங்க கண்ணுங்களா, காலேஜ் புராஜெக்டுங்களா? செல்போனை மட்டும் இங்க வெச்சிருங்க, கம்பெனி ரூலுங்க" என்றார். வைத்தோம். ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்து, பின்பக்கம் ஷட்டரைத் தூக்கிவிட்டார். உள்ளே இருட்டு, டீசலும் ரப்பரும் சேர்ந்த வாசனை, தரையில் நீலத் தார்ப்பாய் மலை மாதிரி மூடிக் கிடந்தது. இதெல்லாம் என்ன சார் என்று நான் கேட்டேன். "இதெல்லாம் வித்தாச்சுங்க" என்றார். வித்தாச்சுன்னா ஏன் சார் இங்கே இருக்கு என்று இசக்கி. அவர் சிரித்தார், வெகுளியான சிரிப்பு, திருட்டு ஒன்றும் அதில் இல்லை. "கம்பெனி எங்களுக்கு வித்தாச்சுங்க கண்ணு. நாங்க இனி யாருக்காச்சும் விக்கோணும். புது புகை ரூல் வருதில்லீங்களா, அதுக்கு முன்னால பழைய மாடலைப் பூராத் தள்ளி உட்டுட்டாங்க. மார்ச்சு மாசம் ஆனா லாரி வந்து நிக்கும், எறக்காம இருக்க முடியுங்களா? அடுத்த வருசம் ஏஜென்சி வேணுமில்ல." போன் மணி அடித்தது, முன்பக்கம் போனார். நாங்கள் இரண்டு பேரும் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கினோம். எஞ்சின்கள். மரச்சட்டத்தில் கட்டிய கட்டு அவிழாமல், வரிசையாக, சாணி நிறக் கிரீஸ் பூசி, அதன் மேல் தூசி படிந்து. ஒவ்வொன்றின் இடுப்பிலும் ஒரு சின்ன அலுமினியத் தகடு. தகட்டில் வரிசை எண்ணும் செய்த மாதமும் வருஷமும் குத்தியிருக்கும். கிரீஸ் மூடிக் கிடந்தது. துடைக்க வேண்டும். துடைத்தது. துடைத்தால் தெரிந்தது. போன வருஷம் பிப்ரவரி. பதினாலு மாதம். அடுத்ததும் பிப்ரவரி, அடுத்தது மார்ச், எல்லாம் எந்த வருஷத்து விற்பனை முப்பத்தொன்று ஏறியது என்று நான் மஞ்சள் கோடு போட்டேனோ அந்த வருஷத்து எஞ்சின்கள். பதினேழு. பதினேழையும் பார்த்தோம். இசக்கி அவளுடைய ரூல் போட்ட நோட்டில் வரிசை எண்களை எழுதிக்கொண்டாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் நோட்டை மடியில் விரித்து எண்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் பேசினேன், உக்கடம் பஸ் ஸ்டாண்டு வருகிற வரைக்கும் நான்தான் பேசினேன்.

பதினேழு எஞ்சின் எதை நிரூபிக்கும்? வருஷத்துக்கு ஒரு லட்சம் எஞ்சின் செய்கிற கம்பெனி, ஒரு ஊரில் ஒரு டீலரின் ஒரு குடோன், புள்ளியியல் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள் இதைச் சாம்பிள் என்றே எடுக்க முடியாது என்று. இது சரியான வாதம். இன்றைக்கும் சரியான வாதம்தான், அதுதான் என்னைத் தின்கிறது. இந்தச் சரியான வாதத்தை மேடையில் வைத்திருக்கலாமே! ஆமாம் சார், நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம், பதினேழு எஞ்சின், ஆனால் பதினேழை வைத்து முழுக் கம்பெனியையும் எடை போட முடியாது, இன்னும் பத்து டீலரிடம் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தால் எவன் தலை போயிருக்கும்? யாருக்கும் ஒன்றும் போயிருக்காது. நியாயமாகத் தோற்கிற வழி ஒன்று திறந்து கிடந்தது, நியாயமாக ஜெயிக்கவும் கூட. நான் இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது ஒன்றை... "ஏனுங்க பாப்பா, தண்ணி வேணுங்களா?" பழனிச்சாமி அண்ணன், துறை அட்டெண்டர், கையில் பிளாஸ்டிக் ஜக்கோடு. வேண்டாம்ண்ணா என்றேன். அவர் போகவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, ஜெனரேட்டர் சத்தத்தில் தணித்தாலும் கத்த வேண்டியிருந்தது, "நானும் அம்பது ஷேரு வாங்கீட்டனுங்க. அபயா. அன்னிக்கு மைக்கு செட்டுக்கிட்ட நின்னு நீங்க பேசினதை முழுசாக் கேட்டனே, ஒண்ணும் புரியல, ஆனா இந்தப் புள்ள பேசுனா சரியாத்தான் இருக்கும்னு மச்சானை உட்டு வாங்கச் சொன்னனுங்க. பத்து ரூபா ஏறியிருக்குது!" என்று பல் தெரியச் சிரித்தார். ஏறியிருக்கிறது. உண்மைதான், நானும் தினமும் போனில் பார்க்கிறேன், பல் தேய்ப்பதற்கும் முன்னால். ஏற ஏற எனக்குள் இருக்கிற வக்கீல் எழுந்து நின்று பார்த்தீர்களா யுவர் ஆனர் என்கிறாள். என்ன பார்ப்பது? விலை ஏறினால் தார்ப்பாய்க்கு அடியில் எஞ்சின் இல்லை என்றாகிவிடுமா? நாளைக்கே விழுந்தால்தான் நான் பொய் சொன்னவளா, ஏறுகிற வரைக்கும் சொல்லாதவளா? அண்ணா, வித்துடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனுங்க என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பும் கணக்கில் சேரட்டும்.

மேடை. சரி, மேடை. எத்தனை சுற்றினாலும் அங்கேதான் வந்து முட்டுகிறது, முட்டட்டும். கலையரங்கம், ஏசி, முன்வரிசையில் மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் சென்னையில் பெரிய நிதி நிறுவனத்துக்காரர், சாம்பல் நிறக் கோட்டு. ஜெயிக்கிற ஜோடியின் பங்கில் முன்னாள் மாணவர் நிதியிலிருந்து நிஜப் பணத்தைப் போடுவார்கள். பன்னிரண்டு நிமிஷம் நான் பேசினேன். பயத்துக்கு மருந்து என்ற வரிக்கு அந்தக் கோட்டுக்காரர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். நான் பார்த்தேன் அவர் குறித்துக்கொண்டதை. அந்தப் பேனா அசைவு ஒன்றுக்காக மனுஷி என்னவெல்லாம் செய்வாள் என்று யாராவது ஆய்வு செய்யலாம். கடைசியில் ஒரு கேள்வி: களத்தில் போய் ஏதாவது சரிபார்த்தீர்களா? ஒத்திகையில் அதற்கு நான் பதில் எழுதி வைத்திருந்தேன், டீலர்களிடம் பேசினோம், நம்பிக்கையாக இருக்கிறார்கள் என்று. இசக்கி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுடைய இங்கிலீஷ் எனக்குத் தெரியும், பயந்தால் வினைச்சொல் எல்லாம் உதிர்ந்துவிடும். ஆனால் அன்றைக்கு ஒன்றும் உதிரவில்லை. நான் ஒரு டீலர் குடோனில் பதினேழு எஞ்சின் பார்த்தேன் சார், பதினாலு மாதத்துக்கு முந்தையவை, கம்பெனிக் கணக்கில் விற்றவை, இன்னும் கட்டுக்கூட அவிழ்க்கவில்லை. நான் என்றாள். நாங்கள் என்று சொல்லவில்லை. அறிக்கை என்னுடையது, என் முகத்தைக் காப்பாற்றத்தான் நான் என்றாள், அது எனக்கு அந்த நொடியிலேயே புரிந்தது. புரிந்தும். கோட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நீங்கள் பார்த்தீர்களா? இரண்டு நொடி இருக்கும். ஏசிக் காற்று கழுத்தில் பட்டது, அவருடைய பேனா மூடி போடாமல் காகிதத்தின் மேலே நின்றது. இல்லை சார், அப்படி எதையும் நான் பார்க்கவில்லை, தணிக்கை செய்த கணக்கைத்தான் நான் நம்புகிறேன் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் வெறும் பொய். நான் நிறுத்தவில்லை. அரங்கம் அமைதியாக இருந்தது, அமைதி எனக்கு ஆகாது, அதை ஜெயிக்க வேண்டும் போல இருந்தது. என் தோழியின் அப்பா ஜெனரேட்டர் மெக்கானிக், அதனால் பழைய எஞ்சினைக் கண்டால் அவளுக்குக் குடும்பப் பாசம் வந்துவிடும் என்றேன். இங்கிலீஷில். அழகான இங்கிலீஷில். இருநூறு பேர் சிரித்தார்கள். கைதட்டலும் வந்தது. இசக்கி மைக்கை அதன் தாங்கியில் திரும்ப மாட்டினாள், நேராக நிற்கிறதா என்று பார்த்துச் சரி செய்தாள், இறங்கிப் போனாள்.

முதல் பரிசு. சொல்ல வேண்டுமா? மறுநாளே கம்பெனியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கடிதம், உங்கள் மாணவி ஒருவர் ஆதாரமில்லாமல் பொது மேடையில் எங்கள் மேல் அவதூறு சொன்னார் என்று. விசாரணைக் குழு. அவளுடைய ரூல் போட்ட நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, வரிசை எண்ணை யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். டீலர் அப்படி யாரும் வரவே இல்லை என்று சொல்லிவிட்டாராம், பாவம் அவருக்கு ஏஜென்சி வேண்டும். எனக்குக் கோபம் வந்தது. இது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம், ஒரு பெண்ணின் பேச்சை நம்ப உங்களுக்குக் காகிதம் வேண்டும், கம்பெனிக்காரன் பேச்சை நம்ப லெட்டர்ஹெட்டே போதுமா என்று விடுதி வராந்தாவில் நாலு பேரிடம் கொதித்தேன். கொதித்துக்கொண்டே இருந்தேன், நடுவில் ஒரு ஜூனியர், தாடையில் பருவோடு ஒல்லியாக ஒரு பெண், "அக்கா, ஆனா நீங்கதானே பாக்கலன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். சும்மாதான் கேட்டாள், தெரிந்துகொள்ள. பத்து நாளாகக் காத்துக்கொண்டிருக்கிறேன், இசக்கி என்னைத் திட்டட்டும் என்று. திட்டினால் நான் பதில் சொல்லலாம், பதில் சொன்னால் சண்டை, சண்டை வந்தால் எனக்கு வழி தெரியும். அவள் திட்டவில்லை. அதே அறை, அதே ஒற்றை ஸ்விட்ச் போர்டு. காலையில் எட்டாகப் போகுது எந்திரி என்று இன்னமும் என்னை எழுப்புகிறாள். அவ்வளவுதான் அவள் என்னிடம் பேசுவது. ஒரு நாள் அலமாரியில் என்னுடைய அந்த வெள்ளைத் துப்பட்டா, நான் மூன்று தடவை சோப்புப் போட்டும் போகாத கறையோடு சுருட்டித் துணிகளுக்கு அடியில் செருகி வைத்திருந்தது, மடித்து மேலே வைக்கப்பட்டிருந்தது. மண்ணெண்ணெய் வாசனை. அவள் கறையை எடுக்கப் பார்த்திருக்கிறாள். கிரீஸ் கறைக்கு மண்ணெண்ணெய்தான் என்று அவளுக்குத் தெரியும். பாதி போயிருந்தது, பாதி போகவில்லை. யாருடைய துப்பட்டாவில் கறை? இதைத்தான் நான் பத்து நாளாக ஓரமாகத் தள்ளிக்கொண்டு வருகிறேன். துடைத்தது, துடைத்தால் தெரிந்தது என்று, ஏதோ காற்று வந்து துடைத்த மாதிரி. அதில் கறை பட்டது எப்படி என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அவள் அதை வெளியே எடுத்துக் காட்டியிருக்கலாம். வேலை தப்பியிருக்கும். அவள் துவைத்து வைத்திருக்கிறாள்.

கதவு திறக்கிறது. இசக்கி. முகம் வியர்த்து, கண் சிவக்காமல். ஜெனரேட்டர் கரண்டில் அந்த அறைக்கு லைட் மட்டும்தான், ஃபேன் கிடையாது. நான் எழுந்து நிற்கிறேன். அவள் என்னைக் கடந்து இரண்டு அடி போய்விட்டுத் திரும்பி வருகிறாள். இதோ திட்டப்போகிறாள், வரட்டும், வரட்டும் இசக்கி. "உள்ள புழுக்கமா இருக்கு. தண்ணி குடிச்சிட்டுப் போ" என்கிறாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ஒனக்கு என்ன தோணுதோ சொல்லிக்க. எங்கப்பாவ மட்டும் இன்னொரு தடவ இழுக்காதட்டி, என்ன?" சும்மாதான் கேட்டாள், கெஞ்சுவது போல இல்லை, பெட்டியைப் பஸ்ஸில் தூக்கி வை என்று சொல்வது போல. இசக்கி, நான் என்று ஆரம்பித்தேன். கீழே எஞ்சின் குரல் கனத்தது, எங்கேயோ லிஃப்ட் ஏறுகிறது. அவளுக்கும் கேட்டிருக்கும், தலை ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது, அவளுடைய அப்பா விடுதி வாசலில் நின்ற அதே சாய்வு. படியிறங்கிப் போய்விட்டாள். பழனிச்சாமி அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு, "உங்களைக் கூப்புடறாங்க பாப்பா."

மூன்று பேர். துறைத்தலைவர் கிருபாகரன் சார், ஹெலன் மேடம், பதிவாளர் அலுவலகத்திலிருந்து பேர் தெரியாத ஒருவர் ஃபைலால் விசிறிக்கொண்டு. "உக்காரும்மா பிரமிளா. உன்னை ரொம்ப நேரம் வைக்கப் போறதில்ல" என்று சார் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. மேற்படி குடோனில் மேற்படி எஞ்சின்கள் எதையும் நான் பார்க்கவில்லை என்று உறுதி கூறுகிறேன், கீழே கோடு, கோட்டுக்குக் கீழே என் பெயர். "மேடையிலயே நீ தெளிவாச் சொல்லிட்ட. அதையே கையெழுத்தாப் போட்டுட்டுப் போ, ரெண்டு நிமிஷ வேலை." எனக்குச் சுருக்கென்று ஏறியது. கேட்பதற்கு முன்னாலேயே பதிலை அடித்து வைப்பதற்குப் பேர் விசாரணையா? எந்தச் சட்டத்தில் இருக்கிறது இது? சாட்சியை நீங்களே எழுதிக்கொண்டால் சாட்சி எதற்கு? வாக்கியங்கள் வரிசையாக வந்து நின்றன, ஒன்றை விட ஒன்று கூர்மையாக, அரை மணி நேரம் பேசுவேன், மூன்று பேரையும் தலைகுனிய வைப்பேன். வாயைத் திறந்தேன். லோடு இல்லாம ஓடுது. அப்படித்தான் கேட்டது, என் காதில் நானே. அரை மணி நேரம் இவர்களை வெளுத்து வாங்கிவிட்டு, நல்லாப் பேசினேன் என்று இறங்கிப் போய்விடுவேன், கேட்ட கேள்வி அப்படியே கிடக்கும். வாயை மூடினேன். ஹெலன் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பிரமிளா, நான் ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு முக்கால் மணி நேரமா நான் பாத்தேன், நான் பாத்தேன்னுதான் சொல்றா. கூட யார் வந்தாங்கன்னு கேட்டா வாயே திறக்கல. ஏன்னு உனக்குத் தெரியுமா?" தெரியும் மேடம். கிருபாகரன் சார் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு மேடம், கேள்வி ஒண்ணுதானே. நீ பாத்தியாம்மா இல்லையா?" பேனாவை மூடி கழற்றி என் கையில் வைத்தார். அந்தக் கோட்டுக்காரரின் பேனா மாதிரியே கனமான பேனா. நான் அதைக் காகிதத்தின் மேல் படுக்க வைத்தேன். என்னமோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை, ஜன்னல் கண்ணாடி விர்ரென்று பாடிக்கொண்டிருந்தது. "கேக்கலம்மா" என்றார் பதிவாளர் அலுவலகக்காரர், காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "ஜெனரேட்டர் ஓடுது பாரு, சத்தமாச் சொல்லு." எழுந்து நின்றேன். பேச்சுப்போட்டிக்கு நிற்கிற மாதிரி இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பார்த்தேன் சார். பதினேழு எஞ்சின். முதல் தகட்டை என் துப்பட்டாவால துடைச்சது நான். தேதியை ஒவ்வொண்ணா வாசிச்சது நான். இசக்கி எழுதிக்கிட்டா, அவ்வளவுதான்."